கடை வாசலில் யாருக்கு இடம்? யாழ்ப்பாண நகரின் வாகன நெரிசல் பற்றி கனமூலையில் இருந்து ஒரு குறிப்பு

கனமூலையில் இருந்து யாழ்ப்பாணம் போவதென்றால் முதலில் மதுரங்குளிச் சந்திக்கு வர வேண்டும். அங்கே கொழும்பு – புத்தளம் வீதியில் பஸ் பிடித்துப் புத்தளம், அங்கிருந்து அநுராதபுரம், பிறகு மதவாச்சி, வவுனியா ஊடாக ஏ9. நாள் முழுக்கப் பயணம். இவ்வளவு தூரத்தைக் கடந்து போன என் உம்மாவால், வாப்பாவின் பழைய தையல் கடை இருந்த இடத்துக்கு முன்னால் இறங்க முடியவில்லை.

ஓட்டோ ஓட்டிய தம்பி அந்தத் தெருவை இரண்டு முறை சுற்றி வந்தார். இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. இடைவெளி தெரிந்த ஓரிடத்தில் ஒரு லொறி பொருட்களை இறக்கிக் கொண்டிருந்தது. நிறுத்தினால் பின்னால் வந்த பஸ் விடாமல் ஹோர்ன் அடித்தது. மூன்றாவது சுற்றில், "அம்மா, மன்னிக்க வேணும், அங்கால தள்ளித்தான் விடலாம்" என்று சொல்லி, அடுத்த சந்தியில் இறக்கி விட்டார். முழங்கால் வலியோடு உம்மா திரும்பி நடந்தார். நடைபாதை இருந்தது. ஆனால் அதன் மேலும் மோட்டார் சைக்கிள்கள் நின்றதால் வீதியில் இறங்கித்தான் நடக்க வேண்டியிருந்தது. எங்களுக்கு முன்னால், ஊன்றுகோலோடு ஒரு கால் இல்லாத ஒருவரும் அதே வீதியில், அதே பஸ்களுக்கு நடுவில், நடந்து கொண்டிருந்தார்.

நாங்கள் சோனகத் தெருக் குடும்பம். 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பதினைந்து வயது. வட மாகாணம் முழுவதிலும் இருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் அந்த ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது சில மணித்தியாலங்கள் மட்டுமே. பெரும்பாலானோர் வந்து சேர்ந்த இடம் புத்தளம் மாவட்டம். அந்தக் கதையை மீண்டும் சொல்வதற்காக இதை எழுதவில்லை. வருடத்துக்கு ஒருமுறை வந்து போகும் ஒருவனுக்கு, அங்கேயே இருப்பவர்கள் பழகிப் போனதால் பார்க்காமல் விடும் சில விஷயங்கள் கண்ணில் படும். அவற்றில் ஒன்றுதான் இந்த வாகனத் தரிப்புப் பிரச்சினை. சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் ஒரு நகரம் யாரை உள்ளே விடுகிறது, யாரைச் சுற்றிச் சுற்றி அனுப்பி விடுகிறது என்பதை அது காட்டுகிறது.

நடப்பதற்கும் மாட்டு வண்டிக்கும் போட்ட தெரு

யாழ்ப்பாண நகரின் கடைத்தெருக்கள் இன்றைய வாகனங்களுக்காக உருவானவை அல்ல. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் கரையோரமாகக் கோட்டையைக் கட்டினார்கள். 1658இல் அதைப் பிடித்த ஒல்லாந்தர், ஐந்து மூலைக் கோட்டையாக அதைத் திருத்திக் கட்டினார்கள். கோட்டைக்குக் கிழக்கே குடியிருப்புத் தெருக்களும் வடக்கே சந்தையும் வளர்ந்தன. பெரியகடை, சின்னக்கடை, கன்னாதிட்டி என்ற பெயர்களே ஒவ்வொரு பகுதியும் எப்படி உருவானது என்பதைச் சொல்லும். பிரித்தானியர் காலத்தில் ஆஸ்பத்திரி, மணிக்கூட்டுக் கோபுரம், புகையிரதப் பாதை ஆகியன சேர்ந்தன. 1949இல் யாழ்ப்பாணம் மாநகர சபையாகியது.

இதன் விளைவு என்னவென்றால், நகரத்துக்கு வரும் ஒருவர் போக வேண்டிய எல்லா இடங்களும் ஒரு சில தெருக்களுக்குள் அடங்கி விட்டன. மத்திய பஸ் நிலையம், நவீன சந்தை, போதனா வைத்தியசாலை, வங்கிகள், நகைக் கடைகள், புடவைக் கடைகள், இரும்புக் கடைகள் எல்லாம் ஒன்றுக்கொன்று நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. நடந்து வருபவருக்கு இதைவிட வசதியான நகரம் கிடையாது. ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வாகனத்தில் வந்து, அந்த வாகனத்தைப் போகும் கடையின் வாசலிலேயே விட வேண்டும் என்று நினைத்தால், இதைவிட மோசமான நகரமும் கிடையாது. வைத்தியசாலை வீதி, கஸ்தூரியார் வீதி, காங்கேசன்துறை வீதி, ஸ்ரான்லி வீதி எல்லாவற்றிலும் இன்று நடப்பது இதுதான்.

யுத்தம் ஒத்திவைத்த நெரிசல்

மற்ற நகரங்களில் வாகனங்கள் ஐம்பது ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடின. அந்த நகரங்கள் ஒருவழிப் பாதை, தரிப்புக் கட்டணம், புதிய பஸ் நிலையம் என்று ஒவ்வொன்றாகப் பழகிக் கொள்ள அவகாசம் இருந்தது. யாழ்ப்பாணத்துக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியதோடு யாழ்தேவி நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் தங்கத்துக்கு ஈடாகியது. அந்த ஆண்டுகளில் மொரிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் சொட்டுப் பெற்றோலில் இயங்கத் தொடங்கி, மண்ணெண்ணெயில் இருமிக் கொண்டு ஓடியதை அங்கே இருந்த நண்பர்கள் பிறகு சொல்லிக் கேட்டேன். மற்றபடி ஊரே சைக்கிளில் ஓடியது. வைத்தியரும் சைக்கிள், விறகு வியாபாரியும் சைக்கிள், நோயாளியும் சைக்கிள் காரியரில். 2002இல் ஏ9 திறந்தது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடியது. 2009க்குப் பிறகே பாதை நிரந்தரமாகத் திறந்தது. 2014 ஒக்ரோபரில் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது.

ஆக, பாதை திறந்த சில ஆண்டுகளுக்குள் லீசிங் கம்பனிகளும் வந்தன, மோட்டார் சைக்கிள்களும் முச்சக்கர வண்டிகளும் வந்தன, வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பணத்தில் கார்களும் வான்களும் வந்தன. ஐம்பது ஆண்டுகளில் வர வேண்டியது ஐந்தாறு ஆண்டுகளில் வந்தது. தெருக்களின் அகலமோ ஓரளவுக்கு மேல் கூட முடியாதது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டதும் கொஞ்ச காலம் மூச்சு விட இடம் கொடுத்தன. அந்த 2022இல் பலர் பழைய சைக்கிளைத் துடைத்து எடுத்ததையும் மறக்க வேண்டாம். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டு விட்டது. இனி நெரிசல் குறையும் என்று எதிர்பார்க்கக் காரணம் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணம் கண்ட மிகப் பெரிய வீதி நெரிசல் வாகனங்களால் ஏற்பட்டதல்ல. நாங்கள் வெளியேறி ஐந்து ஆண்டுகள் கழித்து, அதே ஒக்ரோபர் 30ஆம் திகதி, 1995இல், வலிகாமத்து மக்கள் லட்சக்கணக்கில் நாவற்குழிப் பக்கமாகவும் கைதடிப் பக்கமாகவும் ஓரிரவில் வெளியேறினார்கள். சைக்கிளில் மூட்டைகள், மூட்டைகளின் மேல் குழந்தைகள். ஓர் அடி வைக்க ஒரு மணித்தியாலம் எடுத்தது என்று அந்தப் பாதையில் வந்தவர்கள் சொல்வார்கள். வீதியில் ஒருவருக்கு ஒருவர் இடம் விடுவது என்றால் என்ன என்று இந்த மக்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

இடம் இல்லையா, இடம் மாறவில்லையா?

அந்தத் தெருவில் அறிமுகமான ஒரு கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவருடைய கடை வாசலில் நான்கு மோட்டார் சைக்கிள்கள் நின்றன.

"சனம் வந்து விட இடமில்லை அண்ணை. அதால வியாபாரமும் குறைவு" என்றார்.

"இந்த நாலும் ஆற்றை?"

சிரித்தார். "ஒண்டு என்ரை. ரெண்டு எங்கடை பெடியளின்ரை. மற்றது பக்கத்துக் கடை. கண்ணுக்கு முன்னால நிண்டாத்தான் நிம்மதி. களவு போனா ஆர் தாறது?"

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. லீசிங் கட்டி முடியாத மோட்டார் சைக்கிள் காணாமல் போனால் அந்தக் குடும்பத்தின் கதி என்ன? ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். கடை காலை 9 மணியில் இருந்து மாலை 6 மணி வரை திறந்திருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். மொத்தம் 9 மணித்தியாலங்கள். வாடிக்கையாளர் ஒருவர் சராசரியாக அரை மணித்தியாலம் நிற்பாரானால், ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கும் இடத்தை ஒரு நாளில் 18 பேர் மாறி மாறிப் பயன்படுத்தலாம். பாதி நேரம் வெறுமையாகக் கிடந்தாலும் 9 பேர். அதே இடத்தில் கடைக்காரரின் மோட்டார் சைக்கிள் நின்றால் ஒருவர் மட்டுமே. ஒரு தெருவில் பத்துக் கடைகள், கடைக்கு இரண்டு வாகனம் என்றால், இருபது இடங்கள் காலையிலேயே முடிந்து விடுகின்றன. முதல் வாடிக்கையாளர் வரும் முன்பே தெரு நிரம்பி விட்டது.

இடத்தின் அளவையும் பார்க்கலாம். ஒரு கார் நிற்க 2.4 மீற்றர் அகலமும் 4.8 மீற்றர் நீளமும் வேண்டும். ஏறத்தாழ 11.5 சதுர மீற்றர். ஒரு மோட்டார் சைக்கிளுக்கு 2 சதுர மீற்றர் அளவு போதும். ஆக, ஒரு கார் நாள் முழுக்க நின்றால் ஐந்து மோட்டார் சைக்கிள்களின் இடம் போகிறது. எங்கள் நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்கள். எனவே யாழ்ப்பாணம் போன்ற நகரத்தில் மோட்டார் சைக்கிளுக்கு முதலில் ஒழுங்கு செய்தால் பெரும் பகுதி நெரிசல் தீரும்.

வீதியோரத் தரிப்பிடத்தைப் பற்றி அதிகம் ஆராய்ந்தவர் அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப். 2005இல் வெளிவந்த அவருடைய நூலின் சாரத்தை இப்படிச் சுருக்கலாம்: தரிப்பிடம் இலவசமாகக் கிடைத்தால், முதலில் வந்தவர் நகர மாட்டார். பின்னால் வந்தவர்கள் இடம் தேடிச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். வீதியில் ஓடும் வாகனங்களில் ஒரு பகுதி எங்கேயும் போவதற்காக அல்ல, நிற்க இடம் தேடியே ஓடுகிறது. எங்கள் ஓட்டோ மூன்று முறை சுற்றியது அதனால்தான். ஒவ்வொரு தெருத் துண்டிலும் எப்போதும் ஓரிரண்டு இடமாவது காலியாக இருக்கும்படி கட்டணத்தை வைக்க வேண்டும் என்பது அவருடைய யோசனை. தரிப்பிடம் நிரம்பி இருப்பது நகரம் நன்றாக நடப்பதன் அடையாளம் அல்ல. கடைசியில் வருபவருக்கும் ஓர் இடம் இருப்பதே அடையாளம்.

ஒரு வீதிக்கு எத்தனை சொந்தக்காரர்?

"மாநகர சபை என்ன செய்கிறது?" என்று கேட்பது எளிது. ஆனால் ஒரு நகர வீதியின் அதிகாரம் ஒரே கையில் இல்லை.

மாநகர எல்லைக்குள் உள்ள பொது வீதிகளும் சந்தைகளும் வடிகால்களும் 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் மாநகர சபையின் பொறுப்பு. ஆனால் ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் இருக்கின்றன. நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியதற்குத் தண்டம் எழுதுவது, 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் பொலிஸாரின் வேலை. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்களுக்கு வழி அனுமதி தருவது மாகாண அதிகார சபை. மாகாணம் விட்டு மாகாணம் ஓடும் பஸ்களுக்கு தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. இ.போ.ச. பஸ்களுக்கு அவர்களுடைய சொந்த நிர்வாகம். புதிய கட்டடத்துக்கு எத்தனை வாகனத் தரிப்பிடம் வேண்டும் என்ற விதி நகர அபிவிருத்தி அதிகார சபையுடையது.

இத்தனை கைகள் ஒரே தெருவில் இருக்கும்போது என்ன நடக்கும் என்பதற்கு யாழ்ப்பாணத்தின் நெடுந்தூர பஸ் நிலையமே உதாரணம். மத்திய பஸ் நிலையத்தைச் சுற்றிய நெரிசலைக் குறைப்பதற்காகக் கட்டப்பட்டு, 2021இல் அது திறந்து வைக்கப்பட்டது. ஆனால் இ.போ.ச. சேவைகளும் தனியார் சேவைகளும் ஒரே இடத்தில் இருந்து, ஒரே நேர அட்டவணையில் புறப்படுவது பற்றிய இழுபறி திறப்பு விழாவோடு முடியவில்லை. பணிப்பகிஷ்கரிப்பு வரை அது போனது. இரண்டு தரப்புக்கும் அவரவர் நியாயம் உண்டு. இடம் மாறினால் பயணிகள் குறைவார்கள் என்ற பயம் ஒன்று, வருமானம் மற்றவருக்குப் போய்விடும் என்ற பயம் இன்னொன்று. கட்டடம் கட்டுவது இலகு, ஒன்றாகப் புறப்பட வைப்பது கடினம் என்பதை அது காட்டியது.

யார் அதிகம் இழக்கிறார்கள்?

நெரிசலால் எல்லோருக்கும் சிரமம்தான். ஆனால் சிரமம் எல்லோருக்கும் ஒரே அளவல்ல. கார் வைத்திருப்பவர் பத்து நிமிடம் இழக்கிறார். பஸ்ஸில் வரும் ஐம்பது பேரும் தலைக்குப் பத்து நிமிடம் இழக்கிறார்கள். ஊன்றுகோலோடு நடப்பவர் இழப்பது நேரம் மட்டுமல்ல. அவர் நகரத்துக்கு வருவதையே விட்டு விடுகிறார்.

யுத்தம் இந்தச் சமூகத்தில் கால் இழந்தவர்களையும் பார்வை இழந்தவர்களையும் முதுகெலும்பு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர்களையும் ஏராளமாக விட்டுச் சென்றிருக்கிறது. வேறு எந்த நகரத்தை விடவும் வடக்கு, கிழக்கு நகரங்களுக்கே தடையில்லாத நடைபாதை அதிகம் தேவை. சட்டமும் இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும், அதன் கீழ் 2006இல் வந்த அணுகல் ஒழுங்கு விதிகளும், பொதுக் கட்டடங்களும் பொது இடங்களும் இவர்கள் அணுகக் கூடியவையாக இருக்க வேண்டும் என்கின்றன. 2011இல் உயர் நீதிமன்றமும் அந்த விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒரு வங்கி வாசலில் சாய்தளம் கட்டி விட்டு, அந்தச் சாய்தளத்தின் அடியில் இரண்டு மோட்டார் சைக்கிளை நிறுத்தினால், சட்டம் கடதாசியில்தான் இருக்கிறது.

மறுபக்கம், நெரிசல் என்றதும் முதலில் கை வைக்கப்படுவது நடைபாதை வியாபாரிகள் மீது. பழக்கூடை வைத்திருப்பவர், பனங்கட்டியும் ஒடியலும் விற்கும் அம்மா, கைத்தொலைபேசிக் கவர் விற்கும் இளைஞர். இவர்களில் பலர் யுத்தத்தில் குடும்பத்தைக் கொண்டு நடத்தியவரை இழந்தவர்கள். நடைபாதை பாதசாரிகளுக்கே உரியது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு கூடை மறைக்கும் இடத்தை விட ஒரு மோட்டார் சைக்கிள் மறைக்கும் இடம் அதிகம். கூடையை அகற்றும் அதே கை மோட்டார் சைக்கிளையும் அகற்ற வேண்டும். கூடைக்காரருக்கு மாற்று இடம் காட்டிய பிறகே அகற்ற வேண்டும்.

மற்ற நகரங்கள் செய்தவை

கண்டி நகரை எடுத்துக் கொள்வோம். 1998 ஜனவரி 25இல் தலதா மாளிகை மீது குண்டுத் தாக்குதல் நடந்த பிறகு, அதன் முன்னாலிருந்த வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. அவ்வளவு வாகனமும் ஏரியைச் சுற்றிய வீதிகளுக்கு மாறியது. திறக்க வேண்டும் என்று ஒரு சாராரும், புனித இடம் அமைதியாக இருக்கட்டும் என்று மறு சாராரும் பல ஆண்டுகளாக வாதிட்டு வருகிறார்கள். ஒரு தெருவை மூடுவதற்கு முன் மாற்றுப் பாதையும் மாற்றுத் தரிப்பிடமும் வேண்டும் என்பது அதில் கிடைக்கும் பாடம். 2014இல் உலக வங்கியின் நிதியோடு கண்டிக்கும் காலிக்கும் தொடங்கிய மூலோபாய நகரங்கள் அபிவிருத்தித் திட்டம் பிறகு யாழ்ப்பாணத்துக்கும் விரிவாக்கப்பட்டது. பழைய நகரங்களின் வீதிகளும் வடிகால்களும் தனிக் கவனம் கேட்பவை என்பதை அதுவே ஒப்புக் கொள்கிறது.

சென்னை பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகலமான நடைபாதை திறக்கப்பட்டது. வாகனத்துக்கான இடத்தைக் குறைத்து நடப்பவருக்குக் கொடுத்தார்கள். வியாபாரம் படுத்துவிடும் என்ற பயம் அங்கேயும் இருந்தது. ஆனால் புடவை வாங்கக் குடும்பமாக வருபவர்கள் நடந்து, நின்று, பார்த்துத்தான் வாங்குகிறார்கள். ஸ்பெயினில் பொன்தெவேத்ரா என்ற சிறு பழைய நகரம் 1999இல் இருந்து தன் மையத்தை ஊடறுத்துப் போகும் கார்களை நிறுத்தியது. வெளிவட்டத்தில் இலவசமாகக் காரை விட்டு விட்டு நடந்து வரச் செய்தது. அங்கேயும் கடைகள் மூடப்படவில்லை. பொருட்களை ஏற்றி இறக்க வரும் வாகனத்துக்கும், நடக்க முடியாதவரைக் கொண்டு வரும் வாகனத்துக்கும் எப்போதும் வழி உண்டு.

ஆனால் இதற்கெல்லாம் ஸ்பெயின் வரை போக வேண்டியதில்லை. நல்லூருக்குப் போனால் போதும். ஒவ்வோர் ஆண்டும் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் மகோற்சவத்துக்குச் சுற்றியுள்ள வீதிகள் வாகனங்களுக்கு மூடப்படுகின்றன. மாற்றுப் பாதைகள் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன. சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் தனியான தரிப்பிடங்கள் ஒதுக்கி, கட்டணத்தையும் மாநகர சபை வரையறுக்கிறது. பொலிஸாரும் சபையும் தொண்டர்களும் ஒன்றாக நிற்கிறார்கள். தேர் அன்று வரும் கூட்டத்தையே சமாளிக்கத் தெரிந்த நகரம் இது. எங்கோ ஒரு வளவில் வண்டியை விட்டுவிட்டு நடந்து வர இந்த மக்களுக்கு மனம் இருக்கிறது. காவல் இருக்கிறது, சீட்டு இருக்கிறது, வண்டி களவு போகாது என்ற நம்பிக்கை மட்டும் வேண்டும். அந்தக் கடைக்காரர் கேட்டதும் அதைத்தான்.

செய்யக் கூடியவை

நான் நகரத் திட்டமிடல் படித்தவன் அல்ல. ஆனாலும் பெரிய கட்டடம் எதுவும் இல்லாமலே தொடங்கக் கூடியவை சில உள்ளன.

முதலாவது, கடைக்காரர்களின் வாகனங்களும் ஊழியர்களின் வாகனங்களும் கடை வாசலை விட்டுப் போக வேண்டும். நடந்து வரும் தூரத்தில், கூரையும் காவலும் உள்ள ஒரு வளவை மாதக் கட்டணத்துக்கு ஒழுங்கு செய்யலாம். வர்த்தகர்கள் சேர்ந்தே இதைச் செய்யலாம்.

இரண்டாவது, கடை வாசல் இடங்களுக்கு நேர வரம்பு. முதல் அரை மணித்தியாலம் இலவசம், அதற்கு மேல் கட்டணம், நேரம் கூடக் கூடக் கட்டணமும் கூடும். சைக்கிளுக்குக் கட்டணமே வேண்டாம்.

மூன்றாவது, லொறிகள் பொருட்களை ஏற்றி இறக்குவதற்குக் காலை 8 மணிக்கு முன்னும் மாலை கடை பூட்டும் நேரமும் ஒதுக்க வேண்டும். நடுப்பகலில் ஒரு லொறி நின்றால் ஒரு தெருவே நிற்கிறது.

நான்காவது, வைத்தியசாலை, வங்கி, சந்தை ஆகியவற்றின் அருகே மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியவர்களை இறக்கி ஏற்றுவதற்கும் நிறம் பூசிய இடங்கள் வேண்டும். ஐந்து நிமிடம் நிற்க முடிந்தாலே போதும். என் உம்மாவுக்குத் தேவைப்பட்டது இரண்டு நிமிடம்.

ஐந்தாவது, நடைபாதை மேல் எந்த வாகனமும் ஏறக் கூடாது. இதில் சலுகை கூடாது.

ஆறாவது, வரும் கட்டணத்தை அதே தெருவில் செலவழிக்க வேண்டும். விளக்கு, கழிப்பறை, நிழல் மரம், நடைபாதைக் கல். பணம் எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்தால் கட்டணம் கட்ட யாரும் பெரிதாகச் சண்டை பிடிக்க மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சபை, பொலிஸ், வீதி அதிகார சபை, பஸ் தரப்புகள், வர்த்தகர்கள், ஓட்டோச் சங்கங்கள், மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகள் ஆகியோர் மாதம் ஒருமுறை ஒரே மேசையில் இருக்க வேண்டும். நல்லூர்த் திருவிழாவுக்கு முன் கூடுவது போல.

புத்தளத்தில் நின்று பார்க்கும்போது

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் சொல்வதல்ல. எங்கள் புத்தளமும் பழைய பட்டினம்தான். 1344இல் இப்னு பதூதா வந்து இறங்கிய பத்தாலா இதுவே என்று சொல்வார்கள். உப்புக்கும் மீனுக்கும் வந்து போன பழைய துறை. இன்று கொழும்பு, குருநாகல், அநுராதபுரம் வீதிகள் மூன்றும் நகரத்தில் வந்து சேர்கின்றன. கற்பிட்டி மரக்கறி லொறிகளும் சீமெந்து லொறிகளும் உப்பு லொறிகளும் பாடசாலைப் பிள்ளைகளும் ஒரே வீதியில்தான். கனமூலையில் இருந்து சாமான் வாங்கப் போகும் எங்களுக்கும் நிறுத்த இடம் தேடுவதே முதல் வேலை. யாழ்ப்பாணம் ஒரு நல்ல வழியைக் கண்டால் புத்தளமும் மன்னாரும் வவுனியாவும் அதைப் பார்த்துச் செய்யலாம்.

1990இல் நாங்கள் கையில் ஒன்றும் இல்லாமல் வந்தபோது புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் எங்களுக்காகத் திறந்து விட்டார்கள். அவர்களிடமும் இடம் அதிகம் இருக்கவில்லை. தண்ணீரும் வேலையும் கூடக் குறைவுதான். பிறகு அதனால் மனத்தாங்கல்களும் வந்தன. இருந்தும் முதல் நாள் அவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். எங்களுக்கு இடம் கிடைத்தது அப்படித்தான்.

அன்றைக்கு யாழ்ப்பாணத்தில் உம்மா ஒருவாறு நடந்து வந்து, வாப்பாவின் கடை இருந்த இடத்தைக் கண்டுபிடித்தார். இப்போது அங்கே வேறு கட்டடம், வேறு கடை. உள்ளே போகவில்லை. வாசலில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. மோட்டார் சைக்கிள்கள் நெருக்கமாக நின்றதால் வாசலுக்குப் போக வழி இருக்கவில்லை. உள்ளே இருந்த இளைஞர் பார்த்து விட்டு வெளியே வந்து, ஒன்றும் கேட்காமல், இரண்டு மோட்டார் சைக்கிளைத் தள்ளி வைத்தார். ஒரு கதிரையும் கொண்டு வந்து போட்டார்.

"இருங்கோ அம்மா" என்றார்.

உம்மா இருந்தார்.